நீல அட்டையில் நீ எழுதிய மலை

என் ஓர்ப்படி ரேவதிக்கு, உன்மேல் கோபமும் ஆசையும் சரிபாதியாக வைத்திருக்கும் அக்கா எழுதுவது.

நீ உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத நீ இடம் கொடுத்தால்தானே? அண்ணனை நானும் தம்பியை நீயும் கட்டிக்கொண்டு புத்தூரில் ஒரே வீட்டில் இருந்தோம். திருப்பதியில் ஒரே கல்லூரியில், ஒரே விலங்கியல் துறையில் பாடம் நடத்தினோம். வீட்டில் ஆரம்பித்த சண்டையை பஸ்ஸில் தொடர்ந்து, ஸ்டாஃப் ரூமில் முடித்துக்கொண்டு, மத்தியானம் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டோம். இப்போது பஸ்ஸில் என் பக்கத்தில் யார் யாரோ உட்காருகிறார்கள். ஒருத்திக்கும் உன்னைப்போல ஜன்னலுக்குச் சண்டை போடத் தெரியவில்லை.

இதை ஊரறியப் போடுகிறேன். "வீட்டு விசயத்த ஏங்க்கா தெருவுக்கு இட்டுகினு வர்ற?" என்று நீ கேட்பாய். உன் புருஷன் சீனுவும் அதைத்தான் கேட்டான். இப்போது அவன் என்னோடு பேசுவதில்லை. வாசலில் எதிரே வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டே விலகிப் போய்விடுகிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் செய்தது அப்படிப்பட்ட வேலை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இப்போதாவது குறுக்கே பேசாமல் கேட்பாய் என்று நம்புகிறேன்.

நீ டெங்குவில் போன பிறகு கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நம் பிரின்சிபால் கண்ணைத் துடைத்துக்கொண்டே விலங்கியல் அருங்காட்சியகத்துக்கு உன் பெயரை வைப்பதாக அறிவித்தார். சீனுவே திருத்தணிக்குப் போய்ப் பித்தளையில் பெயர்ப்பலகை செய்து கொண்டுவந்தான். உன் மகள் தன்யா ரிப்பன் வெட்டினாள். கத்தரிக்கோல் மொண்ணையாக இருந்ததால் இரண்டு மூன்று தடவை வெட்ட வேண்டியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

குப்பையாகக் கிடந்த அறையை ரேவதி மேடம் கோயிலாக மாற்றினார் என்று பிரின்சிபால் பேசினார். அதில் பொய்யில்லை. கல்லூரிக்கு மதிப்பெண் போடும் கமிட்டி வருவதற்கு முன்னால் அந்த அறை இருந்த இருப்பு எனக்குத் தெரியும். கண்ணாடி அலமாரிக்குள் நரி இருக்கிறதா, மரநாய் இருக்கிறதா என்றே தெரியாது. பிராக்டிகல் பரீட்சைக்கு வருகிற பிள்ளைகள் நாப்தலீன் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். நீதான் ஒவ்வொன்றாக இறக்கித் தூசு தட்டினாய். வெளிர்நீல அட்டை வாங்கிவந்து, உன் அழகான கையெழுத்தில் ஒவ்வொரு தோலுக்கும் பெயரும் இடமும் எழுதிக் காலில் கட்டினாய். கமிட்டிக்காரர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். உனக்குப் பிறகு அந்த அறையின் சாவி என் கைக்கு வந்தது.

கொஞ்ச காலம் கழித்துச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் பிடிபட்டான். அவன் வைத்திருந்த தக்காளிக் கூடைக்குள் தேவாங்குகள். ஐந்து இருந்தன. ஐந்துக்கும் உயிர் இருந்தது. வசியத்துக்கு ஆகும், சூனியத்துக்கு ஆகும் என்று நம்பி அந்த வாயில்லா ஜீவன்களை வாங்க இன்றைக்கும் ஆள் இருக்கிறது. வனத்துறைக்காரர்கள் அவற்றைத் திருப்பதிக்கு வெளியே இருக்கிற மீட்பு மையத்தில் கொண்டுபோய்க் கூண்டில் விட்டார்கள். எங்கே பிடித்தாய் என்று அவனைக் கேட்டால் ஒருநாள் குப்பம் என்றானாம், மறுநாள் சத்தியவேடு என்றானாம். அது பழைய சித்தூர் ஜில்லாவின் மேற்குக் கோடி, இது கிழக்குக் கோடி. பிறகு வாயே திறக்கவில்லை.

பிடித்த இடம் தெரியாமல் அவற்றைத் திருப்பி விட முடியாது. இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தேவாங்குக்குத் தான் பிறந்த புதர்தான் உலகம். எந்தக் கிளையில் எறும்பு கிடைக்கும், பகலில் எந்த முள்ளுக்குள் சுருண்டு படுக்கலாம் என்பது அதற்குத் தன் இடத்தில்தான் தெரியும். பழக்கமில்லாத மலையில் விட்டால் அங்கே ஏற்கெனவே இருப்பவை துரத்திக் கடிக்கும். பட்டினியாலோ காயத்தாலோ சாகும். மலைக்கு மலை அவை தனித்தனிக் கூட்டமாக வாழ்ந்து வந்தவை, ஒன்றோடு ஒன்றை நம் இஷ்டத்துக்குக் கலக்கக் கூடாது என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள்.

அப்படி ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் பெங்களூரிலிருந்து நம் கல்லூரிக்கு வந்தாள். பெயர் நந்தினி. வேலூர்ப் பக்கத்துப் பெண் என்பதால் நம்மைப் போலவே பேசினாள். பல ஊர் மியூசியங்களுக்கும் போய்ப் பழைய தேவாங்குத் தோல்களில் துளித்துளியாக எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"பழைய தோலுல எங்க புடிச்சாங்கன்னு எழுதி இருக்கும் மேடம். அதோட டி.என்.ஏ.வ எடுத்து, கூண்டுல இருக்கறதோட வெச்சிப் பாத்தா, இது எந்த ஊருதுன்னு சொல்லிடலாம்" என்றாள்.

"காட்டுல போய்த் தேடினா ஆவாதா?" என்று கேட்டேன்.

"தேடலாம். ஒவ்வொரு மலையா ஏறி எறங்கினா வருசக்கணக்காவும். அதுவரைக்கும் இதுங்க தாங்காது."

நம் அலமாரியில் தேவாங்குத் தோல்கள் ஆறு இருந்தன. எந்தக் காலத்திலோ யாரோ பிடித்து, உள்ளே பஞ்சு திணித்துத் தைத்தவை. கண் இருந்த இடத்திலும் பஞ்சுதான். நந்தினி கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டாள். பழைய தோல்களில் பூச்சி அரிக்காமல் இருக்க விஷ மருந்து தடவியிருப்பார்களாம். நீ வெறுங்கையால் அவற்றைத் துடைத்துவிட்டு, அதே கையோடு என்னிடம் முறுக்கு வாங்கித் தின்றது ஞாபகம் வந்தது.

அன்றைக்கு எனக்குப் பரீட்சை ஹால் டியூட்டி. சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எல்லாத் தோலுலயும் ஒரு துணுக்கு எடுத்துகினேன் மேடம். லேபிள போட்டோ புடிச்சிகினேன். யாரு மேடம் எழுதினது? முத்து முத்தா இருக்குது" என்றாள். என் ஓர்ப்படி என்று சொன்னேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், கெடச்சிடுச்சு! அஞ்சுமே உங்க கப்போர்டுல இருக்கற நாலாவது தோலோட கூட்டம். வேற எந்த மியூசியத்துலயும் இது மாதிரி ஒண்ணு இல்ல. லேபிள்ல சேஷாசலம்னு தெளிவா இருக்குது. வனத்துறைக்குச் சொல்லிட்டேன். அங்கயே கொண்டுபோய் உடறதுக்கு ஏற்பாடு நடந்துகினு இருக்குது."

கூண்டு திறக்கப்போகிறது என்ற சந்தோஷத்தில் நான் ஏதோ சொன்னேன். அவள் விடாமல் பேசினாள்.

"இன்னொண்ணு மேடம். மத்த அஞ்சு தோலும் வேற வேற கூட்டமா இருக்குது. ஆனா அதுலயும் சேஷாசலம்னு தான் எழுதி இருக்குது. ஒரே மலையில இத்தன கூட்டம்னு இதுவரைக்கும் நாங்க நெனச்சதே இல்ல. பெரிய விசயம் மேடம் இது."

நான் கிரைண்டரை நிறுத்தினேன். ஆறு தோலிலும் சேஷாசலமா என்று மறுபடியும் கேட்டேன். ஆமாம் என்றாள். அப்போதுதான் ரேவதி, நீ பஸ்ஸில் சொல்லிச் சிரித்தது என் ஞாபகத்துக்கு வந்தது. நாம் பேசிய ஆயிரம் பேச்சில் அதுவும் ஒரு பேச்சு என்று எங்கேயோ கிடந்திருக்கிறது.

கமிட்டி வந்து போன அன்றைய சாயங்கால பஸ். நீ ஜன்னலோரம். வெற்றிக் களிப்பில் இருந்தாய்.

"அக்கா, கமிட்டிக்காரங்க மூஞ்சியப் பாத்தியா? மியூசியத்துல நின்னுகினு கன்னத்துல போட்டுக்கினாங்க!"

"செத்த நரியப் பாத்து எதுக்குடி கன்னத்துல போட்டுக்கினாங்க?"

"காலையில தான் மலைக்குப் போய் சாமி பாத்துட்டு வந்தாங்க. எல்லாத்துக்கும் இடம் சேஷாசலம்னு எழுதி வெச்சேன். இதெல்லாம் ஏழுமலையான் மலையில வாழ்ந்ததுங்க சார்னு சொன்னேன். அப்படியே உருகிட்டாங்க."

"அத்தனையும் அங்கயாடி புடிச்சாங்க?"

"யாருக்குத் தெரியும்? காலுல கட்டி இருந்த பழைய சீட்டுங்க எல்லாம் தோலோட எண்ணெ எறங்கி, பூச்சி அரிச்சி, ஒரே அழுக்கு. பாதி படிக்கவே முடியல. எல்லாத்தையும் அறுத்துப் போட்டுட்டேன்."

சீட்டை ஏன்டி அறுத்தாய் என்று நான் கத்தினேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாய். வடமாலப்பேட்டை டோல்கேட்டில் பஸ் நின்றபோது வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி என் மடியில் வைத்தாய். அதோடு சண்டை முடிந்தது.

பாதி படிக்க முடியவில்லை என்றாய். மீதிப் பாதி படிக்க முடிந்தது என்றுதானே அர்த்தம்? அந்த மீதியில் நாலாவது தோலின் சீட்டு இருந்ததா? அதில் என்ன ஊர் எழுதியிருந்தது? கத்தரிக்கோலை வைக்கும் முன் ஒரு பார்வையாவது பார்த்தாயா? எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தில், நீ எதிரே இருந்திருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன்.

அன்றைக்கே கல்லூரிக்குப் போய்ப் பரணில், பீரோ அடியில், பழைய விடைத்தாள் மூட்டைகளுக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். ஒரு நூல்கூட இல்லை. கமிட்டிக்காக அறையைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததையெல்லாம் மைதானத்து மூலையில் போட்டு எரித்தார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார்.

அடுத்த நாள் மீட்பு மையத்துக்குப் போனேன். பகல் நேரம். ஐந்தும் கூண்டின் மூலையில் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு ஒரே உருண்டையாகத் தூங்கின. எது தலை, எது கால் என்று தெரியவில்லை. ஒன்றின் கை மட்டும் வெளியே நீண்டு கம்பி வலையைப் பிடித்திருந்தது. விரல்கள் பிறந்த குழந்தையின் விரல்கள் அளவுக்குத்தான் இருந்தன. அங்கே பார்த்துக்கொள்கிறவர், "பாபம் மேடம், சரிகா தினடம் லேது" என்றார். பாவம், சரியாகத் தின்பதே இல்லை என்று அவர் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய் நாற்காலி எடுத்துவந்து போட்டார்.

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அந்த வாரமே கூண்டு திறக்கும். அவை வெளியே போகும். நந்தினிக்குப் பெயர் வரும், கல்லூரிக்குப் பெருமை வரும், உன் பலகை பளபளவென்று இருக்கும். சொன்னால் அவை கூண்டிலேயே கிடக்கும். இத்தனைக்கும் நீ குத்துமதிப்பாக எழுதியது சரியாகவே இருக்கலாம். நாலாவது தோல் சேஷாசலத்திலேயே பிடித்ததாக இருக்கலாம். அந்த "இருக்கலாம்" என்னைப் படுத்திய பாடு உனக்கு எப்படிப் புரியும்? சரியாக இருந்துவிட்டால் நான்தான் அவற்றைச் சிறையில் வைத்துக் கொன்றவள் ஆவேன்.

வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். உன் மாமா, அதாவது என் வீட்டுக்காரர், "எனுக்கு இதுல ஒண்ணும் புரியல, நீயே யோசிச்சி செய்யி" என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் எப்போதும்போலத்தான். சீனு கையை உதறிவிட்டு எழுந்தான்.

"அண்ணி, நீ இன்னா சொல்றன்னு தெரிஞ்சி தான் சொல்றியா? செத்துப்பூட்டவளுக்கு அந்த ஒரு பலக தான் மிச்சம். அதையும் புடுங்கி எறியணுமா? அஞ்சு கொரங்குக்காக?"

"கொரங்கு இல்லடா சீனு."

"எதுவோ ஒண்ணு! அவ என்னா கொல பண்ணாளா? கமிட்டிக்காரன் வரான்னு அழகா எழுதி வெச்சா. எல்லாரும் தானே கைத்தட்டுனாங்க? அப்போ எவனாவது கேட்டானா?"

அவன் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. யாரும் கேட்கவில்லை. கமிட்டி கேட்கவில்லை, பிரின்சிபால் கேட்கவில்லை. அறையை அழகாக்கு என்றுதான் உன்னிடம் சொன்னார்கள். நீ அழகாக்கினாய்.

தன்யா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எல்லோரும் எழுந்துபோன பிறகு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா பொய் எழுதினாங்களா பெரிம்மா?"

"பொய்னு நெனச்சி எழுதல கண்ணு. யாருக்கும் தேவப்படாதுன்னு நெனச்சா."

"அப்போ சொல்லாத பெரிம்மா. போர்ட எடுத்துடுவாங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல். உன் மகள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நீ போன நாளிலிருந்து பொம்மையோ துணியோ எதுவும் கேட்டதில்லை. அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். சரி என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவள் முந்தானையை விட்டுவிட்டுக் கைகழுவப் போனாள்.

மறுநாள் காலை புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நந்தினிக்குப் போன் செய்தேன். முழுக்கச் சொல்லி முடித்தேன்.

"பழைய சீட்டு ஒண்ணு கூட இல்லையா மேடம்?" என்றாள்.

"ஒண்ணு கூட இல்லம்மா."

"செத்துப்போன ஒரு பிராணி இத்தன வருசம் கழிச்சி இதுங்களுக்கு வழி சொல்லும்னு இருந்தேன் மேடம். இதுங்க யாருன்னு தெரிஞ்சிடுச்சு. எங்க போவணும்னு மட்டும் தெரியல. நீங்க சொன்னது நல்லதாச்சு. நான் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றேன்."

விஷயம் காதுக்கு எட்டியதும் பிரின்சிபால் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "சனிபோயின மனிஷி பேரு எந்துகம்மா?" என்றார். இறந்துபோனவள் பெயரை ஏன் இழுக்கிறாய் என்கிறார். வேறு யார் பெயரைச் சொல்வது சார் என்று கேட்டேன். தவறு நேர்ந்தது என்று பொதுவாகச் சொன்னால் போதாதா என்றார். அப்படிச் சொன்னால் பழி அந்த அறையைப் பெருக்குகிற அட்டெண்டர் தலையில் போய் விழும், அவர் வாயில்லாதவர் என்றேன். அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை. அந்த வாரமே சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கென்று உன் பலகையைக் கழற்றினார்கள். பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள். பலகை திரும்பி ஏறவில்லை. சீனு அதைப் போய் வாங்கிவந்து உன் பட்டுப்புடவையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான்.

இப்போது தன்யா என் அறைப் பக்கமே வருவதில்லை. தலை பின்னிக்கொள்ள எதிர்வீட்டு அக்காவிடம் போகிறாள்.

தேவாங்குகளைப் பற்றி உனக்குச் சொல்ல நல்ல சேதி எதுவும் இல்லை. மழைக்காலம் ஆரம்பித்ததும் ஒன்று செத்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. வயிற்றில் குட்டியோடு மூன்றாவது. என்ன நோய் என்று டாக்டர் ஒரு பெயர் சொன்னார். கூண்டுதான் நோய் என்று அந்தப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னார். மிச்சம் இருக்கும் இரண்டும் இப்போது கட்டிக்கொள்ள ஆளில்லாமல் ஆளுக்கொரு மூலையில் தூங்குகின்றனவாம். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நந்தினி விடவில்லை. அவளும் அவள் ஆட்களும் குப்பம், சாந்திபுரம் பக்கத்துக் கரடுகளில் ஏறி இறங்குகிறார்கள். நாகலாபுரம், சத்தியவேடு மலைகளுக்கும் போய்விட்டு வந்துவிட்டார்கள். சேஷாசலத்திலும் தேடினார்கள். முள்ளில் ஒட்டிய முடியும், மரத்தடி எச்சமும் பொறுக்கிவந்து பார்க்கிறார்கள். இதுவரை எதுவும் நாலாவது தோலோடு ஒத்துப்போகவில்லை. மாந்தோப்பும் கல்குவாரியும் போக மிச்சம் இருக்கிற காடுகள் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிடக்கின்றன என்கிறாள். அந்தத் தோல் வந்த காடே இப்போது இல்லாமல் போயிருக்கலாம் என்றும் ஒருநாள் சொன்னாள். அப்படியானால் நீ அறுத்த சீட்டில், இல்லாமல் போன ஓர் ஊரின் பெயர் இருந்திருக்கிறது. அதையும் நாம் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

செத்த மூன்றையும் நம் அருங்காட்சியகத்துக்கே அனுப்பினார்கள். பாடம் செய்து பஞ்சு வைத்து வந்தன. நாலாவது தோலுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். ஊர்தான் தெரியவில்லை.

அவற்றை வைத்த அன்றைக்கு ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பிரின்சிபால் உன் நீல அட்டைகளையெல்லாம் எடுத்துவிடச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். தப்பான அட்டை கிடந்தால் நாளைக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்களாம். சீனுவும் தன் அண்ணன் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தான். "அவ கையெழுத்து அங்க கெடந்து அசிங்கப்பட வேணாம். அறுத்துக் குடுத்துடச் சொல்லு" என்று. எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. உன்னை அங்கே தொங்கவிட எனக்கு மட்டும் ஆசையா? கத்தரிக்கோலோடு அலமாரியைத் திறந்து, நாலாவது தோலின் காலைப் பிடித்துவிட்டேன்.

புதிய தோல்களை வைப்பதற்காக அன்றைக்கு வந்திருந்த நந்தினி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அறுக்காதீங்க மேடம். தப்பா இருந்தாலும் அறுக்கக் கூடாது. யாரு எழுதினாங்க, இன்னா எழுதினாங்க, அது தப்புன்னு எப்போ தெரிஞ்சுது, எல்லாமே இதோடயே இருக்கணும். பழச அறுத்ததுல தானே இந்தக் கதி? பக்கத்துல இன்னொண்ணு கட்டுங்க."

அவள் சொல்லிவிட்டாள். நான் கையில் கத்தரிக்கோலோடு நின்றேன். அந்த நீல அட்டையில் நீ சேஷாசலம் என்று எழுதி, கடைசி எழுத்துக்கு ஒரு சின்னச் சுழி போட்டிருந்தாய். வீட்டுக் காலண்டரில் பால்கணக்கு எழுதும்போதும் அப்படித்தான் போடுவாய். நான் கீழே உட்கார்ந்து ஓவென்று அழுதேன் ரேவதி. நீ செத்த அன்றைக்குக்கூட வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேனே தவிர, இப்படி அழவில்லை.

பிறகு எழுந்து ஒரு வெள்ளை அட்டையில் எழுதினேன். "இடம் தெரியவில்லை. நீல அட்டையில் உள்ள இடம் ஊகமாக எழுதப்பட்டது. எழுதியவர் ரேவதி. இதைக் குறிப்பவர் கோமளா." உன் அட்டைக்குப் பக்கத்தில் அதே காலில் கட்டினேன். ஆறு தோலுக்கும் அப்படியே. அந்தப் புதிய மூன்றுக்கு வெள்ளை அட்டை மட்டும்.

பிரின்சிபாலிடம் போய், எடுக்கமாட்டேன் சார் என்று சொல்லிவிட்டேன். மெமோ வந்திருக்கிறது. வரட்டும்.

பித்தளைப் பலகை போய்விட்டது. அதில் இருந்தது பலகை வெட்டியவன் எழுத்து. அலமாரிக்குள் இருப்பது உன் எழுத்து. தன்யா என்றைக்காவது, அம்மா எழுதியது எங்கே என்று என்னிடம் கேட்பாள். பெரியவளாகித்தான் கேட்பாளோ, கோபம் ஆறித்தான் கேட்பாளோ, தெரியாது. கேட்கிற அன்றைக்கு அவளைக் கூட்டிப்போய் அந்தக் கதவைத் திறப்பேன். உன் தப்பையும் காட்டுவேன், உன் சுழியையும் காட்டுவேன். எனக்குப் பிறகு சாவி வாங்குகிறவளிடமும் சொல்லிவிட்டுப் போவேன். உன்னை நான் உன் தப்போடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் அறுக்க விடமாட்டேன்.

இப்படிக்கு, 
உன் பக்கத்திலேயே தன் பெயரையும் கட்டிவைத்திருக்கும் உன் அக்கா, 
ஒரே வீட்டுக்கு உனக்கு முன்னால் வந்த மருமகள், 
கோமளா